சமக்குறிக்குப் பின்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு எண்கள் சமமா என்று பார்ப்பதில் என்ன பெரிய தத்துவம் என்று கேட்டிருந்தாய். முழு எண்களில் ஒன்றுமில்லை. புள்ளிக்குப் பின்னும் இலக்கம் வரக்கூடிய மெய்யெண்களில்தான் வம்பு.

பைத்தான் நிரல்மொழியில் 0.1 + 0.2 == 0.3 (இரண்டும் சமமா?) என்று தட்டினால் பொய் என்று வரும். பத்தில் ஒன்று, 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் முடிவில்லாமல் நீளும். அதை 53 பிட்டுக்குள் (இரும இலக்கத்துக்குள்) வெட்டித்தான் சேமிக்க முடியும். இது உனக்குத் தெரிந்ததுதான். பலரும் பழியை இயந்திரத்தின் மேல் போட்டுவிட்டு இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எத்தனை பிட் கொடுத்தாலும் தீராத சிக்கல் ஒன்று அதற்கும் அடியில் இருக்கிறது.

4, 6, 8 என்று இரட்டை எண்களை வரிசையாகச் சோதித்துக்கொண்டே போ. இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியாத முதல் எண் ம என்றால், 2-இன் ம-ஆவது அடுக்கின் தலைகீழியைக் 'க' என்று வை. அப்படி எண்ணே இல்லையென்றால் க = 0. க-வை 100 இரும இலக்கம் வரை கணிக்க, 100 வரை சோதித்தால் போதும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. ஆனால் க சுழியா? அது 1742-இல் கோல்ட்பாக் என்ற கணிதக்காரர் இன்னொரு கணிதக்காரரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த கேள்வி (பார், அதுவும் கடிதம்தான்). 4×10¹⁸ வரை சோதித்தாயிற்று, இன்னும் விடை இல்லை. க சுழி இல்லையென்றால், சோதிக்கும் நிரல் என்றாவது நின்று சொல்லிவிடும். சுழியென்றால் ஓடிக்கொண்டே இருக்கும். இரட்டை எண் சோதனைக்குப் பதிலாக எந்த நிரலையும் உள்ளே வைக்கலாம் என்பதால், எல்லாவற்றுக்கும் பொதுவான சமச் சோதனை கிடையாது என்பது ஒரு நிரல் நிற்குமா என்பதைப் பொதுவாகக் கண்டுபிடிக்க முடியாது என்ற, கணிதக்காரர் டூரிங்கின் 1936 கட்டுரையிலிருந்து வந்துவிடுகிறது. 'சுழி, இல்லையேல் சுழியல்ல' என்பதைக்கூட நிரூபணம் இல்லாமல் ஏற்க டச்சுக் கணிதக்காரர் பிரௌவர் மறுத்தார். கணிதக்காரர்கள் பலருக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. நிரல் எழுதுகிறவனுக்கு அது வெறும் நடைமுறை.

சரி, "ஏறக்குறைய சமம்" போதுமே என்பாய். பைத்தானின் 'இஸ்க்ளோஸ்' (isclose) என்ற செயற்கூறு அதைத்தான் செய்கிறது. இயல்பாக அதன் சார்பு வரம்பு (எண்ணின் அளவைப் பொறுத்து அனுமதிக்கும் வேறுபாடு) 10⁻⁹, தனி வரம்பு (எந்த எண்ணுக்கும் ஒரே அளவாக அனுமதிக்கும் வேறுபாடு) 0. அதனால் 10⁻³⁰-ஐச் சுழியோடு ஒப்பிட்டாலும் சமமில்லை என்றே சொல்லும். சுழி வரக்கூடிய இடத்தில் தனி வரம்பை நீயே கொடுக்க வேண்டும். இது சின்ன விஷயம். பெரிய கோளாறு, கடப்பு உறவு (முதலாவதும் இரண்டாவதும் சமம், இரண்டாவதும் மூன்றாவதும் சமம் என்றால் முதலாவதும் மூன்றாவதும் சமம் என்பது) போய்விடுவது. தனி வரம்பு 1 என்று வை: 0-உம் 0.8-உம் சமம், 0.8-உம் 1.6-உம் சமம், ஆனால் 0-உம் 1.6-உம் சமமில்லை. ஒரு மணலை எடுத்தால் குவியல் குவியல்தானே என்ற பழைய கிரேக்கப் புதிர் இதேதான். இந்த மூன்று எண்களையும் இப்படி ஒப்பிட்டு இரட்டிப்புகளை நீக்கினால், 0-விலிருந்து தொடங்கும்போது இரண்டு எண் மிஞ்சும், 0.8-இலிருந்து தொடங்கும்போது ஒன்றுதான். தரவின் வரிசை மாறினால் விடை மாறும். பிழைச் செய்தி எதுவும் வராது.

எண்ணை அருகிலுள்ள முழு எண்ணுக்கு உருட்டிவிட்டு (முழுமையாக்கிவிட்டு) ஒப்பிட்டால் கடப்பு உறவு திரும்பிவிடும். ஆனால் 0.4999-உம் 0.5001-உம் வெவ்வேறு பக்கம் விழும். இரண்டில் எதை இழக்கலாம் என்பதைத் தரவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரட்டிப்பு நீக்க நான் உருட்டுவதையே தேர்ந்தெடுப்பேன், விடை வரிசையைப் பொறுத்து மாறாது என்பதற்காகவே. பணக் கணக்குக்கு இந்தத் தலைவலியே வேண்டாம், மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துவிடு.

அன்புடன்,
உன் நண்பன்