பேத்தியின் முதல் மார்ச் மூன்று

சைத்தாமா, ஜப்பான்
மார்ச் 6

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் பிப்ரவரி கடைசி வாரத்திலேயே வந்துவிட்டது. காகிதப் பெட்டி மடிக்கும் முறையை அதில் கேட்டிருந்தாய். மறுமொழி எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு நீ கோபிக்க மாட்டாய் என்று தெரியும். காரணத்தைச் சொன்னால் மகிழ்வாய் என்றும் தெரியும். மூன்று வாரங்களாக நான் தாள் மடித்துக்கொண்டிருந்தேன். பேத்திக்கு இது முதல் ஹினா மட்சுரி, அதாவது பொம்மைத் திருநாள். அதற்காக ஒரு சோடி காகிதப் பொம்மையும், அக்கம்பக்கத்தாருக்கும் மகளோடு வேலை பார்ப்பவர்களின் குழந்தைகளுக்கும் கொடுப்பதற்காகப் பன்னிரண்டு பலகாரப் பெட்டிகளும் என் கையாலேயே செய்து முடித்தேன். நாம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தபோது கைத்தொழில் வகுப்பு உன்னுடையது, கணக்கு வகுப்பு என்னுடையது. இந்த மூன்று வாரமும் உன்னை நினைக்காமல் ஒரு மடிப்பும் மடிக்கவில்லை.

பெண் குழந்தைகள் நோய்நொடியின்றி வளர வேண்டும் என்று இங்கே ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் நாள் பொம்மைகளை வைத்துக் கொண்டாடுகிறார்கள். இதற்குப் பீச் மலர்த் திருநாள் என்றும் பெயர் உண்டு. முன்பு சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாளில் இது வந்ததாம். அப்போது பீச் மரங்கள் உண்மையாகவே பூத்திருக்கும். 1873இல் ஜப்பான் மேலைநாட்டு நாட்காட்டிக்கு மாறியபோது திருநாள் மட்டும் குளிர் விலகாத மார்ச் மாதத் தொடக்கத்துக்கு வந்துவிட்டது, பூ அதன் காலத்திலேயே நின்றுவிட்டது. அதனால் கடைகளில் கதகதப்பான அறையில் வைத்து முன்கூட்டியே மலரச் செய்த கிளைகளை வாங்கிவந்து வைக்கிறார்கள். நாங்களும் ஒரு கிளை வாங்கினோம்.

பக்கத்து வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். ஜனவரியில் ஒருநாள் குழந்தையைப் பார்க்க வந்தவர், முதல் திருநாளுக்கான பொம்மைகளைப் பெண்ணைப் பெற்ற வீட்டார் வாங்கித் தருவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மகள் மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நெஞ்சில் ஓர் உதறல். தாய்வீட்டுச் சீர் என்பது கடல் தாண்டியும் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அம்மையார் எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. இருந்தாலும் சீர் என்று காதில் விழுந்தபின் நம் ஊர்ப் பெண்ணால் சும்மா இருக்க முடியுமா? அடுத்த சனிக்கிழமையே மகளை அழைத்துக்கொண்டு இவாத்சுகிக்குப் போனேன். இதே மாவட்டத்தில் உள்ள பொம்மைகளின் ஊர் அது. பௌலோனியா மரத்தூளைப் பசையோடு பிசைந்து அச்சிலிட்டுத் தலை செய்து, சிப்பி ஓட்டைப் பொடித்த வெண்சுண்ணத்தைப் பல முறை பூசி முகம் ஆக்குகிறார்கள். ஏழு படி, சிவப்புத் துணி விரிப்பு, மேல்படியில் பொன் திரையின் முன் அரசரும் அரசியும், அடுத்து மூன்று பணிப்பெண்கள், ஐந்து இசைக்கலைஞர்கள், இரண்டு அமைச்சர்கள், மூன்று ஏவலர்கள் என்று பதினைந்து பொம்மைகள். அந்த ஏவலர் மூவரில் ஒருவர் அழுகிறார், ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் சினந்திருக்கிறார். நம் கொலுவைக் கண்டு வளர்ந்த எனக்கு அங்கிருந்து கால் எழவில்லை. ஆனால் முழு வரிசையின் விலை பல லட்சம் யென். அதைவிடப் பெரிய தடை, மகளுடைய இரண்டறைக் குடியிருப்பில் ஏழு படிகளை விரித்தால் குழந்தையின் படுக்கைக்கு இடம் இராது என்பது.

வெறுங்கையோடு திரும்பி வந்து, காகிதத்தில் ஏதாவது செய்து ஒப்பேற்றிவிடலாமா என்று அம்மையாரிடம் தயக்கத்தோடு கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியைத்தான் உனக்கு முதலில் எழுத நினைத்தேன். ஒப்பேற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, பொம்மை என்பதே முதலில் தாள்தான் என்றார்.

அவர் பிறந்தது தொத்தோரி மாவட்டம். அங்கே மோச்சிகாசே என்ற ஊரில் இன்றும் பழைய நாட்காட்டிப்படி மூன்றாம் மாதம் மூன்றாம் நாளன்று, கிமோனோ உடுத்த சிறுமிகள் ஆணும் பெண்ணுமாகக் காகிதப் பொம்மைகளை வைக்கோலால் பின்னிய வட்டத் தட்டில் வைத்து, பீச் கிளையும் சேர்த்துச் செந்தாய் ஆற்றில் விடுகிறார்கள். குழந்தையின் மேல் வரவிருக்கும் நோயையும் தீங்கையும் அந்தப் பொம்மை தன்மேல் ஏற்றுக்கொண்டு நீரோடு போய்விடும் என்பது நம்பிக்கை. இது எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று இலக்கியத்திலேயே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முராசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண்மணி எழுதிய கெஞ்சியின் கதையில், தலைநகரை விட்டு விலகி சுமா கடற்கரையில் வாழும் நாயகன் மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் தீட்டுக் கழிக்கும் சடங்கு செய்வித்து, மனித உருவம் ஒன்றைப் படகில் ஏற்றிக் கடலில் விடுகிறான். அரண்மனைச் சிறுமிகள் சிறு பொம்மைகளை வைத்து விளையாடியது வேறொரு வழக்கம். இரண்டும் காலப்போக்கில் ஒன்றாகக் கலந்து, எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) செல்வர் வீடுகளில் பட்டும் பொன்னுமாகப் பெருகின. அரசே தலையிட்டுப் பொம்மையின் உயரம் எட்டு சுன், அதாவது ஏறத்தாழ 24 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று கட்டளையிடும் அளவுக்கு அந்தப் போட்டி வளர்ந்தது. கடையில் நான் மலைத்து நின்று பார்த்த படிவரிசை அப்படிப் பின்னால் வளர்ந்து வந்தது. ஏழைக்கு மாற்று என்று நான் எண்ணிய காகிதம் அதற்கு மூத்தது. இதை அறிந்தபின் என் மனத்திலிருந்த குறை அடியோடு நீங்கிவிட்டது, சரோஜா.

தாள் வாங்க ஒகாவாவுக்குப் போனோம். அதுவும் சைத்தாமாவிலேயே இருக்கும் ஊர்தான். ஒகாவாவிலும் அருகிலுள்ள ஹிகாஷி சிச்சிபுவிலும் கையால் எடுக்கும் ஹொசொகாவா தாளை யுனெஸ்கோ 2014இல் உலக மரபுரிமைக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. ஷிமானே மாவட்டத்து செகிஷூ தாளும் கிஃபு மாவட்டத்து மினோ தாளும் அதனோடு சேர்ந்தவை. கோசோ என்ற செடியின் உட்பட்டையை வேகவைத்து, அடித்து நாராக்கி, வேர் ஒன்றிலிருந்து எடுக்கும் வழவழப்பான நீரோடு தொட்டியில் கலந்து, மூங்கில் பாயால் அள்ளி அள்ளி அசைத்து எடுக்கிறார்கள். அந்த வழவழப்பு நீரை மெதுவாக வடியச் செய்வதால் நீண்ட நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அதனால்தான் அந்தத் தாள் மெல்லியதாக இருந்தும் மடித்த இடத்தில் வெடிப்பதில்லை. நீ எனக்குக் கொடுத்தனுப்பிய புதுச்சேரி ஆசிரமத்துக் கைத்தாளையும் இங்கே முயன்று பார்த்தேன். பருத்தியால் ஆன அது தடித்தும் விறைப்பாகவும் இருந்தது. பெட்டியின் அடிப்பகுதிக்கு அருமையாகப் பொருந்தியது, பொம்மையின் ஆடைக்கு வளைந்து கொடுக்கவில்லை. ஆகவே பேத்தியின் பொம்மை ஜப்பானியத் தாளை உடுத்திக்கொண்டு புதுச்சேரித் தாளின் மேல் நிற்கிறது.

நான் செய்தது உட்கார்ந்த பொம்மை அல்ல, நின்ற பொம்மை. மிகப் பழைய வடிவம் அதுதான் என்று அம்மையார் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். ஆண் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்பான். பெண் கைகளை முன்னால் சேர்த்து, ஒரு தூண்போல ஒடுங்கி நிற்பாள். உடல் என்பது சுருட்டிய அட்டை. தலை, பஞ்சின் மேல் இழுத்து ஒட்டிய வெள்ளைத் தாள். கூந்தலுக்குக் கறுப்புத் தாளை ஒரு கோலில் சுற்றி, இரு முனையிலிருந்தும் நெருக்கித் தள்ளிச் சுருக்கம் ஏற்றி விரிக்க வேண்டும்; அப்படிச் செய்தால் தாள் துணிபோல வளைகிறது. கண், மூக்கு, வாய் எதுவும் வரைவதில்லை. முதலில் அது எனக்குக் குறையாகப் பட்டது, ஒரு பேனாவை எடுத்துவிட்டேன். நல்லவேளையாக வரையவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து ஒட்டினால் நாணமும் நிமிர்த்தி ஒட்டினால் பெருமிதமும் தானாகவே தெரிகின்றன.

கழுத்துப் பட்டைதான் மிகக் கடினம். அரசியின் ஆடை பல அடுக்கு. ஒவ்வொரு அடுக்கின் ஓரமும் அடுத்ததற்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி ஐந்து நிறத் தாள்களைத் தள்ளித் தள்ளி ஒட்டினேன். இரண்டு மாலை வேளைகள் அதற்கே போயின. முடித்துக் காட்டியபோது அம்மையார் நெடுநேரம் பாராட்டினார். பிறகு பொம்மையைத் தம் கையில் வாங்கி, ஒன்றும் பேசாமல் நகத்தால் பசையை நெகிழ்த்தி, மார்பில் குறுக்காக வரும் ஓரத்தை மாற்றி மடித்தார். கிமோனோ அணிபவரின் வலப்பக்கத்தின் மேல் இடப்பக்கம் வர வேண்டும். மாறி வந்தால் அது இறந்தவர்க்கு உடுத்தும் முறை. நான் எதிரே இருந்து பார்த்து என் இடக்கைப் பக்கத்தைப் பொம்மையின் இடப்பக்கம் என்று எண்ணி மடித்திருக்கிறேன். குழந்தையின் முதல் திருநாளுக்கான பொம்மை! மகள் அதை விளக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மையாரோ என் கையைத் தட்டிக்கொடுத்து, அடுத்த தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

இனி நீ கேட்ட பெட்டிகள். எளிதானது மசு. மசு என்றால் அரிசி அளக்கும் சதுர மரப்பெட்டி, நம் உழக்குபோல. சதுரத் தாளின் நான்கு மூலைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு பக்கங்களை நடுக்கோட்டுக்கு மடித்து, இரண்டு பக்கங்களைத் திறந்து சுவர்களை எழுப்பினால் ஆயிற்று, பசையே வேண்டாம். 15 சென்டிமீட்டர் தாள் எடுத்தால் அடிப்பகுதி 5.3 சென்டிமீட்டர் சதுரமாகவும் உயரம் அதில் சரிபாதியாகவும் வரும். கணக்கு ஆசிரியைக்கு அந்த விகிதத்தைக் கண்டுபிடிப்பதில் தனி மகிழ்ச்சி. மூடியை முழு 15 சென்டிமீட்டர் தாளிலும் அடியை நான்கு மில்லிமீட்டர் குறைந்த தாளிலும் மடித்தால், மூடி மெத்தென்று இறங்கி உட்காருகிறது. கொம்புப் பெட்டி என்று இன்னொன்று உண்டு, நான்கு மூலையிலும் கூர் நீண்டு நட்சத்திரம்போல விரியும். கோயிலில் படையல் வைக்கும் கால்வைத்த தட்டின் வடிவில் சன்போ என்ற ஒன்றும் மடிப்பார்கள். குழந்தைகளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது, ஆனால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்ல மூடியுள்ள மசுவே நல்லது. மூடிகளின் மேல், பேத்தியின் பொம்மைக்கு மிஞ்சிய துண்டுகளில் சுண்டுவிரல் அளவுக்கு ஓர் அரசரையும் அரசியையும் ஒட்டினேன்.

உள்ளே வைத்தது ஹினா அராரே. நம் பொரிபோன்றது, இந்தப் பக்கத்தில் சர்க்கரை பூசி இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை நிறங்களில் விற்கிறார்கள், கியோத்தோ, ஒசாக்கா பக்கத்தில் உப்பும் சோயாவும் சேர்ந்த உருண்டையாக இருக்குமாம். சாய்சதுரமாக வெட்டிய மூவண்ண மோச்சி என்ற பசையரிசிப் பலகாரமும் இந்நாளுக்கு உரியது. அதை ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் தாள் ஊறிப்போகும் என்பதால் வீட்டில் மட்டும் படைத்தோம். பன்னிரண்டு பெட்டிகளும் அன்று மாலைக்குள் போய்விட்டன. கீழ்த்தளத்துச் சிறுவன் ஒருவன் பொரியைத் தின்று முடித்துவிட்டு, பெட்டியைப் பிரித்துத் தாளாக்கித் திரும்ப மடிக்க முயன்றுகொண்டிருந்தான். மூன்றாவது தடவையில் சுவர் எழுந்து நின்றது.

மறுநாளே பொம்மைகளை எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். தாமதித்தால் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகும் என்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பெண்ணின் நலத்துக்காக நடத்தும் விழாவின் முடிவில் அவளுடைய திருமணத்தைக் காட்டி அச்சுறுத்துவானேன்? ஆனாலும் அடுத்த நாளே எடுத்து, உலர்ந்த தாளில் பொதிந்து வைத்தேன், ஈரம் பட்டால் சாயம் போகும் என்பதற்காக.

அதற்கு முன் அம்மையார் ஒன்று செய்தார். வெறும் வெள்ளைத் தாளில் ஒரு மனித உருவத்தை வெட்டி, குழந்தையின் நெற்றி, கன்னம், முதுகு, பாதம் என்று மெல்லத் தடவினார். குழந்தை சிரித்துக்கொண்டே அதைப் பிடித்து இழுத்தாள், ஓரம் கசங்கியது. நகரத்து ஆற்றில் கண்டபடி எதையும் விட முடியாது. ஜூன் 30ஆம் நாள் கோயில்களில் நடக்கும் தீட்டுக் கழிப்பில் அதைச் சேர்த்துவிடுவதாக எடுத்து வைத்திருக்கிறார். பட்டும் பொன்னும் வேண்டாத அந்த ஒரு துண்டுத் தாளைப் பார்த்தபோது, உன் அம்மா மிளகாயும் உப்பும் எடுத்து என் மகளுக்குச் சுற்றிப்போட்ட மாலை நினைவுக்கு வந்தது.

இந்த உறையில் மடிப்புத் தடம் பதித்த இரண்டு தாள்களும், உறையின் கனத்துக்குத் தக்கபடி தட்டையாக ஒட்டிய ஒரு பெண் பொம்மையும் வைத்திருக்கிறேன். ஆண் பொம்மைக்கு வேண்டிய தாள்களை வெட்டாமல் அப்படியே அனுப்புகிறேன். அதை நீதான் செய்ய வேண்டும். சோடியில் அவனை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று கேட்பாய். தோக்கியோ பக்கத்தில் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் அரசர், கியோத்தோவில் வலக்கைப் பக்கம். இரண்டும் சரியே, உனக்கு விருப்பமானபடி வைத்துக்கொள். கழுத்துப் பட்டையில் மட்டும் அவனுடைய இடப்பக்கம் மேலே வரட்டும்.

என்றும் அன்புடன்,
உன் ராஜம்