கல்யாணப் பந்தியும் வாய்க்கால் மதகும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆவணி பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவில் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் இதே மாதங்களில்தான். பந்திக் குப்பை அந்த வாய்க்காலில் போய் விழுவதைக் கல்யாண வீட்டாரும் மண்டபம் நடத்துகிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

பந்தி முடிந்ததும் மேசையில் விரித்த தாளோடு இலை, மிச்சச் சோறு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், பாயசக் கப் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி மூட்டை கட்டுகிறார்கள். வெறும் வாழை இலை என்றால் மாடு தின்னும். மிச்சம் குழியில் மக்கி எருவாகும். பாட்டிலும் கப்பும் கலந்துவிட்டால் எதற்கும் ஆகாது. மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்கால் இருந்தால் மூட்டை அங்கேதான் போகிறது. வாயில்லா ஜீவன்கள் சோற்று வாசனைக்குப் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்பது தனிக் கொடுமை.

இந்தக் குப்பை முதலில் ரோட்டடியில் போகும் குழாய்ப் பாலங்களை அடைக்கும். அப்புறம் மதகில் வந்து நிற்கும். டெல்டா தட்டையான பூமி, தண்ணீர் வேகமாக ஓடச் சரிவு கிடையாது. பாசனத்தின்போது வாய்க்கால் அடைத்தால் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, தண்ணீர் எட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் அடைத்தால் சம்பா, தாளடி போக நெல்லின் இளம்பயிர் மூழ்கி அழுகும். கோடையில் தூர் வாரும்போது பாருங்கள், வண்டலோடு பாட்டிலும் வந்து கரையில் குவிகிறது.

பிளாஸ்டிக் பூசிய தட்டு, கப், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. தண்ணீர் பாக்கெட்டுக்கும் தடை உண்டு, பாட்டிலுக்கு இல்லை. அதனால் இலைக்கு ஒரு பாட்டில் வைப்பது கௌரவம் என்று ஆகிவிட்டது. ஐந்நூறு பேர் சாப்பிட்டால் ஐந்நூறு பாட்டில்!

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி பக்கமெல்லாம் வாழை விளைகிறது. இந்த மண்ணில் பச்சைச் சாயம் அடித்த தாள் இலையில் விருந்து போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நிஜ இலை வாங்கினால் அந்தக் காசு நம் பக்கத்து விவசாயிக்குத்தானே போகும்? கும்பகோணம் காபியையும் டவரா டம்ளரிலேயே கொடுக்கலாம். தாம்பூலத்துக்கு மணமக்கள் பெயர் போட்ட மஞ்சள் பை இருக்கிறது.

டம்ளர் கழுவ ஆள் இல்லை என்கிறார்கள் சமையல் காண்ட்ராக்டர்கள். ஆள் பஞ்சம் உண்மைதான். ஆனால் எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கிறது. பாட்டிலுக்குச் செலவழிக்கும் பணத்தைக் கூலியாகப் பேசி, ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் தண்ணீர் ஊற்றும் வேலையையும் கழுவும் வேலையையும் ஒப்படைக்கலாம்.

மண்டபத்தார் முன்பணம் வாங்கும்போதே, இலை தனியாகவும் மற்ற குப்பை தனியாகவும் பிரிக்க வேண்டும் என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். முகூர்த்த நாட்களில் ஊராட்சியும் பேரூராட்சியும் மண்டபத்துக்கே வண்டி அனுப்பி அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டார் மெனு பேசும் அன்றே டம்ளரையும் பேசிவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் பாட்டில்தான் வந்து இறங்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தஞ்சாவூர் மாவட்டம்