உறை போடாத பெட்டி

செங்கோட்டை
3.8.2025, ஞாயிறு

அன்புள்ள மகன் சங்கரனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் ஆச்சியும் இங்கு நலம். உன் நலமும் மருமகள், பேத்தி நலமும் அறிய ஆவல்.

இன்று ஆடிப் பதினெட்டு. புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கிளறி ஆச்சிக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மனு அடிக்க யாரும் வர மாட்டார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாலு நாளாகச் சாரல் விடவில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று முன்னறை ஜன்னலை அறைந்துகொண்டே இருக்கிறது. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரம்.

நீ வாங்கி அனுப்பின குட்டிக் கம்ப்யூட்டரைப் பற்றிப் போன வாரம் போனில் "பெட்டி என்னாச்சும்மா, மாட்ட ஆள் வந்தானா?" என்று கேட்டாய். அந்நேரம் ஆரியங்காவிலிருந்து ஒரு அம்மா ரேஷன் கார்டோடு வந்து நின்றதால் "எல்லாம் ஆச்சுப்பா" என்று வைத்துவிட்டேன். நீ கோபித்துக்கொண்டதாக மருமகள் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். இதுவே அந்தப் பெட்டியில் அடித்ததுதான்.

ஆள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ரெமிங்டன் டைப்ரைட்டரைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டிப் பழகின கைக்கு ஒரு திருகு பெரிய காரியமா? அப்பா இருந்தபோதே நம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மிஷினுக்கும் ரிப்பன் மாற்றி, மாட்டிக்கொண்ட டைப் பாரை நிமிர்த்தினது நான்தானே. அவர் கணக்கு எழுதுவார், பீஸ் வாங்குவார், சாயங்காலம் ஆனால் டீக்கடைக்குப் போய்விடுவார்.

பார்சலைப் பிரித்ததும் ஆச்சி, "பாதியை அனுப்ப மறந்துட்டானா?" என்று கேட்டாள். ஸ்கேல் வைத்தே அளந்தேன். 18 சென்டிமீட்டர் சதுரம், கனம் மூன்றரை சென்டிமீட்டர். நம் அஞ்சறைப்பெட்டி இதைவிடப் பெரிது. சித்திரை இடியில் போன பழைய டவர் கம்ப்யூட்டரோ மேஜைக்குக் கீழே ஒரு ஆள் குந்தியிருப்பது போல இருக்கும். இதற்கு கரன்ட் கொடுப்பதுகூட லேப்டாப்புக்கு இருப்பது மாதிரி வெளியே கிடக்கிற அடாப்டர்தான், 65 வாட். கரன்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரே தாங்குகிறது. பழைய யு.பி.எஸ். மாதிரி கீச்சுக்கீச்சென்று கத்துவது இல்லை.

முதல் தகராறு மானிட்டரில். உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றலாம் என்று பழைய மானிட்டரை எடுத்தேன். அதற்கு நீலத் தலை வி.ஜி.ஏ. கேபிள் ஒன்றுதான். பெட்டியின் முதுகிலோ எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்ப்ளே போர்ட்டும். தென்காசியில் ஒரு கடையில் ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறுமுனை வி.ஜி.ஏ. என்று ஒரு கேபிளை எடுத்து, "போடுங்கக்கா, வேலை செய்யும்" என்று தலையில் கட்டிவிட்டார்கள். மாட்டினேன். திரை கறுப்பு. ஒரு நாள் முழுக்கப் பெட்டிதான் செத்துப்போய் வந்திருக்கிறது என்று நினைத்து, உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. எச்.டி.எம்.ஐ. பேசுவது டிஜிட்டல், வி.ஜி.ஏ. கேட்பது அனலாக். வெறும் கம்பி போதாது, நடுவில் மாற்றிச் சொல்ல ஒரு சிப் வேண்டும். மலையாளம் மட்டும் தெரிந்த ஆபீசரிடம் தமிழ் மட்டும் தெரிந்த கிழவி பேச, நடுவில் என்னைப் போல ஒருத்தி உட்கார வேண்டியிருக்கிறதே, அதே கதை. சிப் வைத்த கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன், படம் வந்தது.

உள்ளே மூளையாக இருப்பது இன்டெல் ஐ5 பிராசஸர், எட்டாம் தலைமுறை. நீ பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய். விண்டோஸ் 10க்கு வருகிற அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்துகிறது, 11 போட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஏழாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். 11ஐ ஒரு ராத்திரி இறங்கவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் காசில்லாமல் ஏறியிருந்தது.

அப்புறம் மெமரி. 8 ஜிபி போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அரசாங்க வெப்சைட் நாலு, வேர்ட் இரண்டு, ஸ்கேனர் ஒன்று என்று திறந்தால் மவுஸ் அம்புக்குறி ஆச்சி நடக்கிற மாதிரி நடக்கிறது. பார்த்தால் இரண்டு இடத்தில் ஒன்றில்தான் மெமரி இருக்கிறது, மற்றது காலி. இதற்கு டவரில் போடுகிற நீளப் பட்டை ஆகாது, லேப்டாப்பில் போடுகிற குட்டைப் பட்டைதான். கடைக்காரர் பொட்டலத்தில் ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் பட்டையிலுள்ள வெட்டும் ஸ்லாட்டிலுள்ள மேடும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. வயசுப் பிள்ளையாயிருந்தால் அழுத்தியிருக்கும். டைப்ரைட்டரில் ஒரு பாகம் போக மாட்டேன் என்றால் அது அந்த மிஷினுடையது இல்லை என்று அர்த்தம். கண்ணாடியைப் போட்டு ஸ்டிக்கரைப் படித்தேன், பி.சி.3 என்று இருந்தது. அது டி.டி.ஆர்.3 என்கிற பழைய ரகம். நமக்கு வேண்டியது பி.சி.4. திரும்பப் பஸ் ஏறி மாற்றி வந்தேன். பஸ் காசை அவர் கொடுக்கவில்லை.

மாட்டினதைச் சொல்கிறேன், உனக்கே தெரிந்திருந்தாலும் கேள். ஷட் டவுன் செய்து, அடாப்டரைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒரு தடவை அமுக்கி மிச்சத்தையும் வடியவிட்டேன். பின்னால் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றி மேல்மூடியை முன்பக்கமாகத் தள்ளினால் கொழுக்கட்டை அச்சு திறப்பது போல வருகிறது. மெமரி இருப்பது அடிவயிற்றில், அதனால் கவிழ்த்துப் போட்டு அடிமூடியையும் எடுக்க வேண்டும். இரும்பு உடம்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, பட்டையின் ஓரத்தை மட்டும் பிடித்து, சாய்வாக நுழைத்துக் கீழே அமுக்கினேன். முதல் தடவை ஒரு பக்கக் கொக்கிதான் விழுந்தது, ஆன் செய்தால் பீப் பீப் என்கிறதே தவிர படம் இல்லை. மறுபடி திறந்து, இரண்டு பக்கமும் 'டக்'கென்று சத்தம் கேட்கிறவரை அமுக்கினேன். அடுத்த தடவை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நின்றது. புது மெமரியை ஒத்திகை பார்த்துக்கொள்கிறதாம். என் நெஞ்சு படபடத்ததை ஆச்சி பார்த்து முருகா முருகா என்றாள். வந்துவிட்டது, 16 ஜிபி.

ஒரே 16க்குப் பதில் இரண்டு எட்டாகப் போட்டதும் நல்லதுதான். இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் போய்வரும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டி, படம் காட்டுவதற்கும் இதே மெமரியைத்தான் கடன் வாங்குகிறது.

இரண்டு அசட்டுத்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மிஷினுக்கெல்லாம் உறை தைத்துப் போட்டு வளர்ந்தவள் அல்லவா, இந்தச் சாரலில் பூஞ்சை பிடித்துவிடும் என்று உன் பழைய நீலச் சட்டையில் அளவெடுத்து இதற்கும் ஒன்று தைத்தேன். வயர் வர ஓட்டைகூட வைத்து, சுற்றிலும் பைப்பிங் கொடுத்து. அழகாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் மிக்ஸி ஓடுகிற மாதிரி உள்ளே மின்விசிறி இரைய ஆரம்பித்தது. தொட்டால் இட்லிக் கொப்பரை. மூச்சு விடுகிற ஓட்டையெல்லாம் முகப்பிலும் முதுகிலும் இருக்கிறது, நான் அதைத்தான் மூடி வைத்திருக்கிறேன். இப்போது சுவரை விட்டு நாலு விரல் தள்ளி, திறந்த மேனியாக இருக்கிறது.

இரண்டாவது, தேதி. பெட்டி கைமாறி வந்தது அல்லவா, உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அடாப்டரைப் பிடுங்கி மாட்டினால் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய்விடும். பிரவுசர், 'இந்தத் தளம் பாதுகாப்பானது இல்லை' என்று எல்லா வெப்சைட்டுக்கும் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வேர்டில் தேதி தானாக விழட்டும் என்று வைத்திருந்தேன். ஒருவருக்குப் பட்டா மாறுதல் மனு 2018ஆம் வருஷத்துத் தேதியோடு போயிருக்கிறது. அவர் நனைந்துகொண்டே திரும்பி வந்து, "என்னக்கா, ஏழு வருஷமா மனு நிலுவைன்னு போட்டுட்டீங்களா?" என்றார். காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தேன். சி.ஆர்.2032 என்று கேட்டால் அந்தப் பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கிறது.

சரி, இப்போது நான் எழுத வந்த விஷயம். டவர் செத்தாலும் அதன் ஹார்டு டிஸ்க் சாகவில்லை. அதை இதற்குள் வைக்கலாம் என்று பார்த்தேன், இதில் இடம் இரண்டரை இன்ச் டிஸ்குக்குத்தான், அது மூன்றரை. யு.எஸ்.பி. வயரில் தொங்கவிடவும் முடியாது. அந்த வயரில் வருவது 5 வோல்ட், பெரிய டிஸ்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். அதனால் தனி அடாப்டரோடு வருகிற டாக் ஒன்று வாங்கினேன். டிஸ்கைச் செங்குத்தாகச் சொருகி சுவிட்சைப் போட்டதும், விர்ர்ரென்று எழும்பி டிக்டிக்கென்றது. அந்தச் சத்தம் முன்பெல்லாம் அப்பா காலையில் பல் தேய்க்கும்போதே சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவாரே, அதே சத்தம்.

திறந்தால் எல்லா ஃபைலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. பயப்படவில்லை, அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அப்படித்தான் தெரியும். அந்த டிஸ்கின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலேயே பாமினி இருந்தது, எடுத்து இதில் போட்டேன், தமிழ் எழுந்து நின்றது. வேண்டியதை மட்டும் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடாக்கி வைத்திருக்கிறேன். அடிப்பதற்கு அதே கூட்டத்தார் கொடுத்த என்.எச்.எம். ரைட்டர், பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையோடு. தமிழ்99 விசைப்பலகை நல்லது என்று நீ சொல்வாய். அதில் 'கெ' என்று அடிக்க ககரத்தை அடித்துப் பிறகு எகரத்தை அடிக்க வேண்டும். என் விரலோ கொம்பை முதலில் அடித்துத்தான் ககரத்துக்கு வரும். இந்த வயதில் விரலுக்கு மறுபடி பாடம் நடத்த முடியாது.

'பாக்கி 2009' என்று ஒரு ஃபைல். பீஸ் கொடுக்காதவர்கள் பட்டியல். யார், டைப்பிங்கில் லோயரா ஹையரா, எத்தனை மாசம், எவ்வளவு என்று அப்பா கட்டம் போட்டு வைத்திருக்கிறார். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பே இல்லை. அதில் சிலருக்கு நேராக 'கே.வே.' என்று இருந்தது. ரொம்ப நேரம் புரியவில்லை. கீழே ஒரு இடத்தில் மட்டும் முழுசாக எழுதியிருக்கிறார், 'கேட்க வேண்டாம்' என்று. எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர். அந்த வருஷம்தான் உன் காலேஜ் பீஸுக்கு என் வளையலை அடகு வைத்தோம். பீஸ் ஏன் வரவில்லை என்று நான் கேட்டபோதெல்லாம், "பிள்ளைகள் சரியா வர்றதில்ல" என்பார். 2010இல் புனலூர் மீட்டர்கேஜ் வண்டி நின்று மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளப் பிள்ளைகள் வராமலே போனபோதும் அதே பதில்தான். அகலப் பாதையில் வண்டி திரும்பி வந்தது 2018இல், அப்போது இவரும் இல்லை, இன்ஸ்டிட்யூட்டும் இல்லை.

கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

அந்த டிஸ்க் எத்தனை நாள் சுற்றும் என்று சொல்ல முடியாது. அதனால் சுற்றாத டிஸ்கான இரண்டரை இன்ச் எஸ்.எஸ்.டி. ஒன்று, 500 ஜிபி, வாங்கி அந்தக் காலி இடத்தில் போட்டு முழுவதையும் நகல் எடுத்திருக்கிறேன். உன் அக்கா கல்யாணப் படமெல்லாம் அதில் இருக்கிறது.

எனக்குப் புதுசாக ஆப்பிளின் மேக் மினி கம்ப்யூட்டர் வாங்கி அனுப்புகிறேன் என்றாயாம். வேண்டாம். எனக்கு இதுவே போதும். உனக்கு வாங்குவதாயிருந்தால் வாங்கு, ஆனால் 2020க்குப் பிறகு வருகிறதில் மெமரி சிப்போடு சேர்ந்தே வருகிறது, அப்புறம் கூட்ட முடியாது. எவ்வளவு வேண்டுமோ முதலிலேயே கேட்டு வாங்கிவிடு.

தீபாவளிக்கு வரும்போது உன் உடைந்த லேப்டாப்பிலுள்ள மெமரியைக் கழற்றிக் கொண்டு வா, இருக்கிறதில் ஒன்று கெட்டால் மாற்ற ஆகும். ஸ்டிக்கரில் பி.சி.4 என்று இருந்தால் மட்டும், பி.சி.3 என்றால் சுமக்காதே. அந்த நீல உறை சும்மா கிடக்கிறது, பேத்தியின் பொம்மைக்குத் தலையணையாகத் திருப்பித் தைத்து வைக்கிறேன், அவளிடம் சொல்.

அன்புடன்,
அம்மா