செயலாளர் அறிக்கை – 2015: புயல் வராத பருவமும் நமது பதிவேடுகளும்

கொழும்பில் மழையை அளந்தும் புயலைக் கவனித்தும் பதிவேடு எழுதும் நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஐப்பசி முதல் மார்கழி வரை, அதாவது ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை, வங்காள விரிகுடாவில் பெயர் சூட்டும் அளவுக்கு ஒரு புயல்கூட உருவாகவில்லை. காற்று 34 நொட்ஸை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீற்றரைத் தொட்டால்தான் புதுடில்லி வானிலை மையம் புயலுக்குப் பெயர் சூட்டும். ஆண்டு முழுவதற்கும் விரிகுடாவின் கணக்கில் நிற்பது ஆடியில் பங்களாதேஷில் கரையேறிய கோமன் புயல் ஒன்றுதான். மறுபக்கம் அரபிக்கடலில் சப்பாலா, மேக் என்ற இரண்டு புயல்கள் கார்த்திகையின் முதல் பத்து நாட்களுக்குள் அடுத்தடுத்து சொக்கோட்ராத் தீவையும் யேமனையும் தாக்கின. 1964, 1978, 2000 ஆகிய ஆண்டுகளின் சூறாவளிகளை நினைவில் வைத்து, இந்த மூன்று மாதங்களுக்காகவே ஆண்டு முழுவதும் ஆயத்தம் செய்கிறவர்கள் நாம். அதனால் பலருக்கு உற்சாகம் குறைந்தது உண்மை. அது முதலில் தெரிந்த இடம் மழைப் பதிவேடு.

தாழமுக்கம் எதுவும் கண்ணில் படாத வாரங்களில் பதிவேட்டின் கட்டங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. மழை பெய்யவில்லை என்பதால் எழுதவில்லை என்பது விளக்கம். வெறுமையான கட்டத்துக்கு மழை இல்லை என்று அர்த்தமில்லை, பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். மாதக் கூட்டுத்தொகை எடுக்கும்போது இரண்டையும் பிரித்தறிய வழியே கிடையாது. ஆகவே தை முதல் ஒரே முறை: பார்த்தும் மழை இல்லையென்றால் 0, மழைமானியின் புனல் நனைந்து அளக்க முடியாத அளவு இருந்தால் 'துளி', பார்க்காவிட்டால் கோடு. இரண்டு நாள் சேர்ந்த நீரை ஒரே நாளில் அளந்தால் அதை இரண்டாகப் பிரித்து எழுதக்கூடாது. இரண்டு திகதிகளையும் அடைப்புக்குள் இட்டு மொத்தத்தை எழுதவும். அளக்கும் நேரம் காலை 8.30. வளிமண்டலவியல் திணைக்களத்தின் 24 மணித்தியாலக் கணக்கும் அந்நேரத்தோடுதான் முடிகிறது. வேலைக்குப் போகும் அவசரத்தில் 6.30க்கு அளப்பவர்கள் அந்த நேரத்தையே எழுதட்டும். விடிகாலை மழை எந்த நாளின் கணக்கில் விழுகிறது என்பது அதில்தான் தங்கியிருக்கிறது.

பருவம் அமைதியாக இருந்ததால் மழைமானிகளைச் சீர்செய்ய நேரம் கிடைத்தது. இவ்வாண்டின் பயனுள்ள வேலை அதுவே என்பது என் கருத்து. நம்மில் பெரும்பாலோர் பாவிப்பது 5 அங்குலப் புனல். விட்டம் 12.7 சென்ரிமீற்றர், பரப்பளவு 126.7 சதுர சென்ரிமீற்றர், ஆகவே 1 மில்லிமீற்றர் மழைக்கு 12.7 மில்லிலீற்றர் நீர் சேரும். பலர் புனலுக்குக் கீழே வைத்திருந்தது ஒரு லீற்றர்ப் போத்தல். அது 79 மில்லிமீற்றரில் நிரம்பி வழிந்துவிடும். 2010 கார்த்திகை 11இல் நாடாளுமன்ற வளாகம் வெள்ளத்தில் நின்றபோது கொழும்பில் பதிவானது ஏறத்தாழ 440 மில்லிமீற்றர். 1992 ஆனி 4இல் 493.7. அந்த மழையைப் பிடிக்க ஆறு லீற்றருக்கு மேல் வேண்டும். எனவே போத்தலை மாற்றி 10 லீற்றர் கேன் வைக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டோம். இந்த இரண்டு நாட்களிலும் கொழும்பின் மேல் நின்றது பெயர் சூட்டிய புயல் அல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேனில் தேங்கும் நீரால் இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்குப் பரிசோதனைக்கு வரும் சுகாதார உத்தியோகத்தர்களுக்கு மழைமானியும் ஒரு நீர் தேங்கும் பாத்திரமே, அவர்கள் அப்படிப் பார்ப்பது நியாயமும்கூட. புனலின் வாய்க்குள் மெல்லிய பித்தளை வலை வைத்து, புனல் கேனோடு சேரும் இடத்தை இறப்பர் வளையத்தால் இறுக்கி, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் கேனைக் கவிழ்க்க வேண்டும். நைலோன் வலை வேண்டாம். வெயிலில் இரண்டு மாதத்தில் பொடிந்து புனலின் கழுத்தை அடைத்துவிடும்.

மானியை வைக்கும் இடத்தில்தான் கொழும்பில் நாம் அதிகம் தவறுகிறோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் மொட்டை மாடியைத் தவிர இடமில்லை. அங்கே கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தாங்கியும் மழையை மறைக்கின்றன. தடை மானியின் வாயை விட எவ்வளவு உயரமோ அதன் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்கவும். கடற்காற்று நேரே அடிக்கும் பக்கத்து விளிம்பில் மழைத்துளி புனலுக்கு மேலாகப் பறந்துவிடும், அளவு குறையும். சுவரோடு ஒட்டி வைத்தால் சுவரில் பட்டுத் தெறிக்கும் நீரால் அளவு கூடும். மாடியின் நடுப்பகுதியே நல்லது. புனலின் விளிம்பைக் கொத்தனாரின் நீர்மட்டம் வைத்துச் சரிபார்க்கவும்.

தானாக எண்ணும் வாளி மானி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உள்ளே இருக்கும் சிறு வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு தடவையும் 0.2 மில்லிமீற்றர். கொட்டும் மழையில் வாளி கவிழும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராது, ஆகவே கனமழை எப்போதும் குறைவாகவே பதிவாகும். சோதிக்கும் முறை எளிது: மருந்தகத்தில் ஒரு சேலைன் குழாய் வாங்கி, 253 மில்லிலீற்றர் நீரை ஒரு மணித்தியாலம் சொட்டவிடவும். நிமிடத்துக்கு 4 மில்லிலீற்றருக்குச் சற்று மேல் வரும். 5 அங்குலப் புனலுக்கு நூறு கவிழ்ப்புகள் வரவேண்டும். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தால் அளவைத் திருத்தும் திருகாணியைத் தொடுவதற்கு முன் உள்ளே பாருங்கள். சிலந்தி வலையும் எறும்புக் கூடும் பல்லி முட்டையும்தான் பெரும்பாலும் காரணம்.

பாரமானிப் பிரிவில் புதிய அங்கத்தவர்கள் பலர் காற்றமுக்கத்தை அளக்கும் பி.எம்.பி. 180 உணரியை வாங்கிப் பொருத்தினார்கள். மாலை நாலு மணிக்கு அமுக்கம் விழுகிறது, கடலில் ஏதோ இருக்கிறது என்று வந்த தகவல்கள் எல்லாம் ஒரே காரணத்தால் வந்தவை. நம்முடைய அகலாங்கில் அமுக்கம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும்: காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் உச்சம், விடிகாலை நாலுக்கும் மாலை நாலுக்கும் தாழ்வு. காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையே 3 மில்லிபார் வரை வரும். ஆகவே இன்று மாலை நாலு மணி அளவை நேற்று மாலை நாலு மணி அளவோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டு 3 மில்லிபார் குறைந்திருந்தால் செய்மதிப் படத்தைத் திறந்து பாருங்கள். உயரத் திருத்தத்தையும் மறக்கவேண்டாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 9 மீற்றருக்கு 1 மில்லிபார் குறையும். 27 மீற்றர் உயரத்து மாடியில் இருப்பவர் திருத்தாமல் எழுதினால் அவர் வீட்டில் மட்டும் தாழமுக்கம் நிற்கும்.

நம் கடல் ஓய்ந்திருந்த மாதங்களில் அத்திலாந்திக் பருவத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம். வேலை நாட்களிலும் இது இயன்றதற்குக் காரணம் நேர வித்தியாசம். அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையத்தின் அறிவிப்புகள் நம் நேரப்படி காலை 8.30, பிற்பகல் 2.30, இரவு 8.30, பின்னிரவு 2.30க்கு வரும். காலை அறிவிப்பு மழைமானி பார்க்கும் நேரத்தோடு ஒத்துப்போகிறது. அங்கும் எல் நினோவின், அதாவது பசிபிக் கடல் வழமையை விடச் சூடாகும் நிலையின், கை ஓங்கி, கீழ்க்காற்றும் மேல்காற்றும் வெவ்வேறாக வீசி முகில்களைக் கிழித்தன. பெயர் பெற்றவை 11, அவற்றில் ஹரிக்கேன் ஆனவை 4. அவற்றுள் ஹோக்கின் தந்த பாடம் பெரிது. பல கணினி வானிலை மாதிரிகள் அதை அமெரிக்கக் கரைக்கு இழுத்தன, ஐரோப்பிய மாதிரி கடலுக்குள்ளேயே திருப்பியது, அதுவே நடந்தது. ஆனால் திரும்பும் முன் அது பஹாமாஸ் அருகே நின்று சுழன்றது. ஒக்ரோபர் 1இல் எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் 33 பேரோடு மூழ்கியது. குறைந்த எண்ணிக்கையுள்ள பருவத்தில் நடந்தது இது. கப்பலில் தொழில் செய்யும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இதை எண்ணிக்கைக் கணக்கில் அடக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பருவத்தின் செய்மதிப் படங்களை வைத்தே, முகிலின் வடிவத்தைக் கொண்டு புயலின் பலத்தை எண்ணால் மதிப்பிடும் டிவொராக் முறையையும் பழகினோம். முகில் பட்டை மையத்தைச் சுற்றி எவ்வளவு வளைகிறது என்பதை ஒளிபுகும் தாளில் வரைந்த சுருளை மேலே வைத்து அளக்க வேண்டும். அரைச் சுற்று வளைந்தால் டி 2.5, நம் கடலில் அது பெயர் சூட்டும் படி. முக்கால் சுற்றுக்கு 3. அதிகம் தவறியது மையத்தைக் குறிப்பதில். பெரிய வெள்ளை முகிலின் நடுவைச் சிலர் மையமாக எடுத்தார்கள். கீழ்மட்ட முகில் கோடுகள் எங்கே வளைந்து கூடுகின்றனவோ அதுதான் மையம். மேல்காற்று பலமாக இருந்தால் அது வெள்ளை முகிலுக்கு வெளியே வெறுமையாக நிற்கும்.

புயல் இல்லாத பருவத்தில் புயல் செய்தி மட்டும் குறையவில்லை. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். கணினி மாதிரி 384 மணித்தியாலம் முன்னோக்கி ஓடுகிறது. பத்தாவது நாளுக்குப் பின் அதில் தெரியும் சூறாவளி அடுத்த ஓட்டத்தில் காணாமல் போய்விடும். அப்படியொரு படம் நம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே போய், மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் உள்ள உறவினர்களைக் கலங்கவைத்தது. 1978ஐக் கண்ட ஊருக்கு அந்தப் படம் வெறும் படமல்ல. நிர்வாக சபையின் தீர்மானம் இது: 120 மணித்தியாலத்துக்கு அப்பாற்பட்ட எந்தப் படமும் குழுவை விட்டு வெளியே போகக்கூடாது. அதற்குட்பட்டதிலும் இரண்டு மாதிரிகள் ஒத்துப்போனால் மட்டுமே பேசலாம், எச்சரிக்கை என்ற சொல்லைத் திணைக்களத்துக்கே விட்டுவிட வேண்டும்.

பெயரில்லாத மழை என்ன செய்யும் என்பதைச் சென்னை காட்டியது. கார்த்திகை 9இல் புதுச்சேரிக்கு வடக்கே கரையேறியது ஆழ்ந்த தாழமுக்கம்தான், புயல் அல்ல. மார்கழி முதலாம் திகதி தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 சென்ரிமீற்றருக்கும் பெயர் கிடையாது. எல் நினோ ஆண்டுகளில் விரிகுடாவில் கடும் புயல்கள் குறைவதும் வடகீழ்ப் பருவமழை கூடுவதும் சேர்ந்தே நடப்பதுண்டு. ஆகவே அடுத்த ஆண்டு முதல் புயல் குழுவும் மழைக் குழுவும் தனித்தனியாக இயங்காமல், களனி கங்கை மட்டத்தையும் சேர்த்து ஒரே பதிவேட்டில் எழுதும். ஹங்வெல்ல மட்டம் மீற்றரில், நாகலகம் வீதி மட்டம் அடியில் வருகிறது. அலகைக் குறிக்காத பதிவு ஏற்கப்படாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். சித்திரைப் பிற்பகல் இடிமழைக்கு முன், பங்குனிக் கடைசிக்குள் எல்லா மானிகளும் கழுவி, வலை மாற்றி, மட்டம் பார்த்து முடிந்திருக்க வேண்டும். சேலைன் குழாயும் அளவுக் குவளையும் என்னிடம் இருக்கின்றன, தேவைப்படுவோர் ஞாயிறு காலைகளில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

செயலாளர்
கொழும்பு