தொட்டிக்குள்ளே கிடைத்த இடம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறக்கவில்லை, வேலை விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. கம்பு இல்லாமல் நடக்கிறார்களா? பிசியோதெரபியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

"இடம் இல்லை, இடம் இல்லை என்று புலம்புகிறாயே, அந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையே ஊருக்கு வெளியே கொண்டுபோனால் என்ன?" என்று கேட்டிருந்தாய். இதை என்னிடம் கேட்காத ஆளே இல்லை. நாம் மூன்றாம் வருஷம் படிக்கும்போது இங்கே வந்தோமே, அப்போது சுற்றிலும் வயலும் வேலிக்கருவையும்தான். இப்போது மூன்று பக்கம் அடுக்குமாடி, நாலாவது பக்கம் வாய்க்கால். ஐந்தாவது மாடியில் போர்வை காயப்போட்டால் நிழல் எங்கள் கிளாரிஃபையர் மேல், அதாவது சேறு படியவிடும் தொட்டி மேல், விழுகிறது. ஆனால் ஊர்ச் சாக்கடைக் குழாய்களெல்லாம் சரிவு பார்த்துப் போட்டவை. அவை வந்து சேரும் பள்ளம் இதுதான். வெளியே கொண்டுபோனால் அத்தனையையும் மறுபடி பம்ப் பண்ணித் தூக்க வேண்டும். அப்புறம், வெளியே என்றால் யார் வீட்டுக்குப் பக்கத்தில்?

ஆக, இதே காம்பவுண்டுக்குள்தான் எல்லாம். வருகிற தண்ணீர் கூடிவிட்டது. நிலையத்தைக் கட்டியபோது வெளியேறும் தண்ணீரில் பி.ஓ.டி. (மிச்ச அழுக்கைத் தின்னக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால் போதும். 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் 10 என்றது.

தோசை மாவு அரைக்கும்போது பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பார்களே, நம் தொழிலே அதுதான். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் பாட்டிலில் சாக்கடைத் தண்ணீரை ஊற்றிக் காற்றை ஊதினார்கள். முதல் தடவை முழுக்கச் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. தெளிந்ததை மட்டும் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய சேற்றை வைத்துக்கொண்டு அடுத்த தண்ணீரை ஊற்றினார்கள். அழுக்கைத் தின்னும் கிருமிகள் இருப்பது அந்தச் சேற்றில்தான். அப்படியே சேறு சேரச் சேர, ஐந்து வாரம் ஒரு நாளுக்குள் வந்துவிட்டது. அவர்களுக்கு வழிகாட்டிய ஃபௌலர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்தார். நாம் படித்த புத்தகத்தில் இது ஒரு வரிகூட இல்லையே!

அப்படியானால் சேற்றைக் கூட்டிக்கொண்டே போனால் சின்னத் தொட்டி போதுமே என்பாய். லிட்டருக்கு மூன்று, மூன்றரை கிராம் தாண்டினால் கிளாரிஃபையரில் சேறு படியாது, தண்ணீரோடு வழிந்து போய்விடும். எங்களைக் கட்டிப்போட்டிருப்பது நிலம் இல்லை, இந்தப் படிதல்தான். கிளாரிஃபையருக்குப் பதில் மெம்பரேன், அதாவது நுண்துளை வடிகட்டி, போட்டால் எட்டு, பத்து கிராம்வரை போகலாம். ஸ்டாக்ஹோமில் ஹென்ரிக்ஸ்தால் நிலையம் 1941 முதல் பாறைக்குள் குடைந்த தொட்டிகளில் நடக்கிறது. அங்கே பழைய தொட்டிகளுக்குள்ளேயே மெம்பரேனை இறக்குகிறார்கள்.

இங்கேயும் முதலில் அதைத்தான் பேசினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சேறு கெட்டியாக ஆக, காற்று கரைவது குறையும். கூழ் கொதிக்கும்போது குமிழி பெரிதாக வந்து டப்பென்று உடைந்து போகுமே, அந்த மாதிரி. கரண்ட் பில்லை யார் கட்டுவது? அப்புறம் முடி. வீட்டுக் குளியலறை முடியும் துணி நூலும் சேர்ந்து என் முழங்கை கனத்துக்குச் சடை பின்னிக்கொண்டு, தண்ணீரைக் கடைந்து காற்றேற்றும் ஏரேட்டரில் தொங்கியதை நானே அறுத்து எடுத்திருக்கிறேன். அது மெம்பரேனில் போய்ச் சுற்றினால் தீர்ந்தது. முன்னாலேயே இரண்டு மில்லிமீட்டர் துளைச் சல்லடை, அதாவது ஸ்கிரீன், போட்டு, அதை ஒழுங்காகப் பார்க்க ஆளும் போட்டால் சரி. நம்மிடம் ஸ்கிரீன் வாங்கத்தான் பணம் ஒதுக்குவார்கள், ஆளுக்கு ஒதுக்க மாட்டார்கள்.

கடைசியில் பிளாஸ்டிக் மீடியா என்று முடிவானது. நார்வேக்காரர்கள் கொண்டுவந்தது. தொட்டித் தண்ணீரில் மிதக்கவிடும் குட்டிச் சக்கரங்கள். ஒரு கன மீட்டர் சக்கரத்துக்கு 500 சதுர மீட்டர் பரப்பு. கிருமிகள் அதில் ஒட்டிக்கொள்வதால் கிளாரிஃபையருக்குப் பாரம் ஏறாது. பழைய ஏரேட்டரைக் கழற்றிவிட்டு, அடியில் குமிழி விடும் டிஃப்யூசர், வெளியே அதற்குக் காற்றைத் தள்ளும் ப்ளோயர்.

வேலை இதில் இல்லை. காற்று ஊதும் நான்கு தொட்டியில் ஒன்றை நிறுத்தினால் மற்ற மூன்றும் அதன் பங்கையும் சுமக்க வேண்டும். ஊரைப் பார்த்து "இன்றைக்குக் கக்கூஸ் போகாதே" என்று சொல்ல முடியுமா? ஐப்பசி மழை வந்தால் மழைத்தண்ணீரும் சாக்கடையில் புகுந்துவிடும். அதனால் தை முதல் ஆவணிக்குள்தான் எல்லாம். இந்த வருஷம் ஒரு தொட்டிதான் முடிந்தது.

ஏன் தெரியுமா? தண்ணீரை இறக்கிப் பார்த்தால் உள்ளே மணல்! நடுவில் அரை அடி, மூலைகளில் நான்கு அடிக்கு மேல். முன்னாலேயே மணலைப் பிரிக்க வேண்டிய கிரிட் சேம்பர் எத்தனை வருஷம் சும்மா சுற்றியதோ. காற்றடித்து, விஷவாயு இருக்கிறதா என்று கேஸ் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மிஷினை இறக்கினோம். அள்ள மூன்று வாரம். கணக்குப் போட்டால் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு மணல்தான் குடியிருந்திருக்கிறது. இடம் இல்லை என்று எத்தனை மீட்டிங் போட்டோம் தெரியுமா? அந்த மீட்டிங்குகளில் நானும்தான் இருந்தேன். முதலில் கிரிட் சேம்பரைச் சரிசெய்யாமல் அடுத்த தொட்டியைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஜனவரியில் இரண்டாவது தொட்டியைத் திறக்கிறோம். மூலையில் எத்தனை அடி இருக்கும் என்று எனக்கும் சூப்பர்வைசருக்கும் பந்தயம். அவர் மூன்று, நான் ஐந்து. தோற்றவர் எல்லாருக்கும் பரோட்டா. நீயும் ஒரு எண் எழுதி அனுப்பு.

அன்புடன்,
ரவி