பூ வண்டிக்கார அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

என் தம்பி இப்போது கம்பு இல்லாமல் வாசல் வரை நடக்கிறான். இதைச் சொல்லிவிட்டுத்தான் நன்றி சொல்வது என்று ஆறு மாதமாக இந்த மடலைத் தள்ளிப்போட்டு வந்தேன். நேற்று அவனே எழுந்து போய்ப் பால் பாக்கெட்டை எடுத்துவந்தான். அதனால் இன்றைக்கு எழுதுகிறேன்.

மேலூரிலிருந்து மதுரை வரும் நாலுவழிச் சாலை. ஒத்தக்கடைக்குக் கொஞ்சம் முன்னால், இரவு ஏழரை மணி. ராங் சைடில் வந்த ஒரு பைக் தம்பியின் வண்டியில் நேருக்கு நேர் மோதியது. தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. எதிரே வந்த காலேஜ் பையனுக்குத் தலையில் அடி. அவன் ஹெல்மெட் போடவில்லை. இவன் போட்டிருந்தான், கிளிப்பையும் மாட்டியிருந்தான். நெற்றிப்பக்கம் கீறல் விட்ட அந்த ஹெல்மெட் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைத் தூக்கிப்போட அம்மா விடவில்லை.

முதல் நன்றி பூ வண்டிக்கார அண்ணனுக்கு. மாட்டுத்தாவணியில் மல்லிகை இறக்கிவிட்டு வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தாராம். ரெண்டு பேரும் ரோட்டில் கிடப்பதைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், தன் வேனைக் குறுக்கே நிறுத்தி எல்லா இண்டிகேட்டரையும் எரியவிட்டதுதான். பின்னால் பஸ்ஸும் லாரியும் சீறி வருகிற ரோடு அது. அந்த வேன் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் ரெண்டாவது வண்டி ஏறியிருக்கும். அப்புறம் பூச்சாக்கு ஒன்றை எடுத்துத் தம்பிமேல் போர்த்திவிட்டு 108-க்கு போன் போட்டிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டார். பேர் கேட்டவர்களிடம், "பேர் எதுக்கு, பிள்ளையைப் பாருங்க" என்றாராம். சட்டப்படியும் அவர் பேர் சொல்ல வேண்டியதில்லை. உதவி செய்தவரைச் சாட்சி, கேஸ் என்று இழுத்தடிக்கக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. ஆனாலும் எங்களுக்கு அவர் பேர் தெரியாதது ஒரு குறைதான்.

டீக்கடை அக்காவுக்கு அடுத்த நன்றி. கூட்டம் கூடியதும் ஆளாளுக்குச் சோடாவை உடைத்து நீட்டினார்கள், கை காலைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்கடா, அசைக்காதீங்க, வண்டி வரட்டும்" என்று கரண்டியும் கையுமாகக் காவல் நின்றது அவர்தான். உட்காரவைத்து ஆட்டோவில் மடக்கி ஏற்றியிருந்தால் காலின் கதி என்னவாகியிருக்குமோ என்று பின்னால் டாக்டரே சொன்னார். 108-ல் வந்த தம்பிகள் கழுத்துக்குப் பட்டை போட்டு, காலுக்குக் கட்டை கட்டி, பலகையில் வைத்துத்தான் தூக்கினார்கள். முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்கு ஒரு பைசா கேட்கவில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். நாங்களோ நகையை மஞ்சள் பையில் முடிந்து எடுத்துக்கொண்டு ஓடியிருந்தோம்.

ஏட்டய்யாவை மறக்கவே கூடாது. மறுநாள் காலையில் அதே இடத்தில் போனை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். விளக்கு இருக்கிறதா, நடுத்திட்டில் இடைவெளி எங்கே, ரோடு நேரா வளைவா என்று ஒவ்வொன்றாகப் பதிந்தார். சென்னை ஐஐடி உருவாக்கிக் கொடுத்த ஐராட் செயலியாம் அது. எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வரி எப்படியும் வந்துவிடும். அதற்கு மேலே "ராங் சைடு" என்பதையும் விடாமல் சேர்த்தார். இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியாது.

தெரியவைத்தவர் எங்கள் தெருக் கணக்கு வாத்தியார். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு, மத்திய அரசு வருஷா வருஷம் வெளியிடும் சாலை விபத்து அறிக்கையையும் அச்செடுத்துக் கொண்டுவந்த மனிதர் அவர் ஒருவர்தான். இரவு முழித்திருக்க எனக்கும் ஏதாவது வேண்டியிருந்தது. 2020-ல் ஊரடங்கு, எண்ணிக்கை இறங்கியது. 2021-ல் நாடு முழுக்க 1,53,972 பேர் இறந்தார்கள். 2022-ல் 1,68,491. அதற்கடுத்த வருஷம் 1.72 லட்சத்தைத் தாண்டியது. ஊரடங்கில் விபத்து குறைந்ததே தவிர, நூறு விபத்துக்கு இத்தனை சாவு என்ற கணக்கு ஏறித்தான் இருக்கிறது. ரோடு காலியாக இருந்தால் முறுக்கத் தோன்றும் என்றார் வாத்தியார்.

காரணப் பட்டியலில் அதிவேகம் மட்டும் எழுபது சதவீதத்துக்கு மேல். ராங் சைடு ஐந்தை ஒட்டி. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. வேகம் பெரிய எமன்தான், மறுக்கவில்லை. ஆனால் எஃப்.ஐ.ஆரில் தன்னால் வந்து விழுகிற அந்த ஒரு வரிக்குள் எத்தனை ராங் சைடு, எத்தனை இருட்டு, எத்தனை மாடு ஒளிந்திருக்குமோ? அடுத்த யூ டர்ன் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, பெட்ரோல் பங்க் கண்ணெதிரே என்றால் மனுஷன் எதிர்த்துத்தான் வருவான். அந்தப் பையனும் அப்படித்தான் வந்தான். அவன்மேல் எனக்கிருந்த ஆத்திரம் பாதி இறங்கியது இந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான். மூன்றில் ரெண்டு விபத்து நேர்ரோட்டில் நடக்கிறது. ஐந்தில் ஒன்று மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். ஹெல்மெட் இல்லாமல் செத்தவர்கள் 2022-ல் மட்டும் 50,029 பேர். அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டவில்லை.

ஒரு கணக்கை மட்டும் நானே போட்டுப் பார்த்தேன். 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்து தமிழ்நாட்டில்தான், 64,105. இறந்தவர்கள் 17,884. அதாவது நூறு விபத்துக்கு 28 சாவு. நாட்டுக்கு அது 36-க்கு மேல். வாத்தியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நம்ம ஊரில் சின்ன விபத்தையும் பதிகிறார்களோ என்னவோ, அவசரப்படாதே" என்று என் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றினார். சரி, பாதிக்குப் பாதி அப்படியே இருக்கட்டும். மீதிப் பாதியில் ஒரு வேன் குறுக்கே நிற்கிறது, ஓர் அக்கா கரண்டியோடு நிற்கிறார். நான் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறேன்.

ராத்திரிப் பணியில் இருந்த செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்த தம்பியின் நண்பர்களுக்கும், எட்டு நாள் எங்கள் ஆட்டுக்குத் தழை போட்ட பக்கத்து வீட்டு மதினிக்கும் நன்றி. அந்தக் காலேஜ் பையனின் அப்பா எங்கள் கட்டில் ஓரம் வந்து ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போனாரே, அவருக்கும். பையன் பிழைத்துவிட்டான், பேச்சு இன்னும் கொஞ்சம் குழறுகிறது.

பூ வண்டிக்கார அண்ணே, உங்கள் சாக்கை ரெண்டு தண்ணியில் அலசிக் காயவைத்து டீக்கடை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு டீக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.