ஞாயிறு பயிற்சி: ஐந்து மலர்ப் பாடல்கள்

பாடகர் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1950இல் இசையமைத்த ஐந்து மலர்ப் பாடல்களை இந்த ஞாயிறு தொடங்குகிறோம். இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் ஹாலில் வாழ்ந்த எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியரின் 25ஆம் திருமண நாளுக்காக எழுதியவை. இருவருக்கும் செடிகொடிகள் என்றால் உயிர். நான்கு குரல், பக்கவாத்தியம் இல்லை; சுருதி முழுக்க நம் பொறுப்பு.

இரண்டாம் பாடல் நான்கு மாதங்களைப் பற்றியது. அதில் ஏப்ரலை சொப்ரானோவும் (பெண்களின் மேல்குரல்), மே மாதத்தை ஆல்ட்டோவும் (பெண்களின் கீழ்க்குரல்), ஜூனை டெனரும் (ஆண்களின் மேல்குரல்), ஜூலையை பாஸும் (ஆண்களின் கீழ்க்குரல்) கொண்டுவருகிறார்கள். புது மாதம் நுழையும்போது மற்றவர்கள் ஒரு படி அடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஜூலை காதில் விழாது.

மூன்றாவது, சதுப்புநிலச் செடிகள். நெட்டில் (தொட்டால் அரிக்கும் செடி), ஹென்பேன் (நச்சுச் செடி) எல்லாம் வரும். மெய்யெழுத்துகளைக் கடித்துப் பாடுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

அதிக நேரம் நான்காவதற்குத்தான். அந்தியில் மலர்ந்து காலையில் வாடும் பூ. மெதுவாக, மென்மையாகப் பாடும்போது மூச்சின் பிடி தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும் இடத்திலும் அவரோகணத்திலும் இது அதிகம். முதலில் வார்த்தை இல்லாமல் 'ஊ' என்று பாடுவோம். பக்கத்தில் நிற்பவர் மூச்செடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்காதீர்கள். கடைசி ஸ்வரத்தை நிறுத்தியபடியே சுருதிக்கவையில் சரிபார்ப்போம்.

ஐந்தாவதில் குரல்களே கிட்டார் மீட்டலாக ஒலிக்கும். வேகம் போகப்போகக் கூடும். ஆரம்பத்திலேயே ஓடினால் முடிவில் வார்த்தை குழறும். மெட்ரோனோம் (சீரான வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) வைத்துப் பழகி வாருங்கள். பென்சில் அவசியம்.